வால்வெள்ளி பனிக்கட்டியா கல்லா? மாமா அனுப்புன வீடியோ பாத்து ரெண்டு நாளா மண்டை காயுது

கோட்டையூரான் | சனி, இரவு 9:52

வணக்கம் மக்களே. 2025 ஜூலைல அந்த 3ஐ அட்லஸ், வேற நட்சத்திரப் பக்கத்துலேர்ந்து வந்த வால்வெள்ளி, கண்ணுல பட்டதுலேர்ந்து எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரே வால்வெள்ளி மயம். வேற்றுகிரகக் கப்பல்னு ஒரு பக்கம், உலகம் அழியப்போகுதுன்னு ஒரு பக்கம், அதையெல்லாம் நான் கண்டுக்கல. ஆனா மாமா முந்தாநாள் ஒரு வீடியோ அனுப்புனாரு, ஒன்னேமுக்கால் மணி நேரம், முழுசா பாத்துட்டேன். அதுல சொல்றது என்னன்னா வால்வெள்ளில பனிக்கட்டியே கிடையாது, அது வெறும் பாறை, சூரியனுக்குப் பக்கத்துல வர்றப்ப மின்சாரம் பாஞ்சு வெல்டிங் வச்ச மாதிரி பொறி பறக்குது, அதத்தான் நாம வாலுன்னு பாக்குறோம்னு.

சிரிக்காதீங்க. அவங்க கேக்குற கேள்வி எதுக்கும் எனக்குப் பதில் தெரியல.

1986ல ஹாலி பக்கத்துல போயி படம் எடுத்தப்ப அது கரியவிட கருப்பு, மேல விழுற வெளிச்சத்துல 4 சதவீதம்தான் திரும்பி வருது. பனிக்கட்டின்னா வெள்ளையா இருக்க வேணாமா? 2001ல போரெல்லி வால்வெள்ளியப் பாத்தாங்க, மேற்பரப்பு சூடா, காஞ்சு போயி கெடக்கு, ஐஸ் தடயமே இல்ல. 2006ல வைல்ட் 2லேர்ந்து தூசி கொண்டாந்தாங்க, அதுல உலையில வெந்த மாதிரி கனிமமெல்லாம் இருக்கு. 1996ல ஹயகுடாகேலேர்ந்து எக்ஸ்ரே வருது, குளுந்த பனிக்கட்டிலேர்ந்து எக்ஸ்ரே எப்படிங்க வரும்? 2005ல டெம்பெல் 1 மேல 370 கிலோ உருப்படிய மோத விட்டப்ப விஞ்ஞானிகளே வாயப் பொளக்குற அளவுக்கு வெளிச்சம், அத முன்கூட்டியே சொன்னது இந்த மின்சாரக் கோஷ்டிதானாம். கடைசியா 67பிங்குற வால்வெள்ளில இருக்குற பள்ளமெல்லாம் பொறி வச்சு செதுக்குன மாதிரி செங்குத்தா இருக்கு.

விப்பிள்னு ஒருத்தர் 1950ல அழுக்குப் பனிப்பந்துன்னு சொன்னாரு, எழுபத்தஞ்சு வருஷமா அதையே புடிச்சுத் தொங்கிட்டு இருக்காங்களோன்னு தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வளவுவீட்டுப் பேரன் | 10:20

நானும் அந்த வீடியோ பாத்தேன் அண்ணே. சிங்கப்பூர்ல உக்காந்து நடுராத்திரி வரைக்கும். பின்னணி இசை நல்லா இருந்துச்சு

புதுவயல் உமி | 10:41

எங்க அப்பத்தா 1965ல பாத்துருக்காங்க. விடியக்காலம் கிழக்க, தொடப்பத்தத் தலைகீழா நிறுத்துன மாதிரி இருந்துச்சாம். அது இக்கேயா-செக்கின்னு பேரு இப்பதான் தெரியும், அவங்களுக்கு அது வெறும் வால்வெள்ளிதான், ராசாவுக்கு ஆகாதுன்னு ஊரே பயந்துச்சாம். ராசா எங்கேர்ந்து வந்தாருன்னு கேட்டா "ஏதோ ஒரு ராசா இருப்பாருல்ல"ங்குறாங்க

கோட்டையூரான் | 10:48

@புதுவயல் உமி அதையும் வீடியோல சொன்னாங்க! இக்கேயா-செக்கி சூரியன உரசிட்டுப் போனப்ப அதோட நிறமாலைல இரும்பு, நிக்கல் எல்லாம் தெரிஞ்சுதாம். பனிக்கட்டில இரும்பு ஏது?

தேவகோட்டை டீச்சர் | ஞாயிறு, காலை 6:35

தம்பி, ராத்திரியே பாத்துட்டேன், பேப்பர் திருத்துற வேலை இருந்துச்சு. உங்க கேள்வியெல்லாம் நல்ல கேள்விதான். ஆனா கடைசி வரி தப்பு. எழுபத்தஞ்சு வருஷமா அதையே யாரும் புடிச்சுத் தொங்கல, இந்தத் துறைல அடி வாங்காத கருத்தே கிடையாது.

விப்பிளுக்கு முன்னாடி இருந்த நினைப்பு என்ன தெரியுமா, வால்வெள்ளின்னா மணல் குவியல் மாதிரி தூசியும் பொடிக்கல்லும் ஒட்டாம தளர்வா சேந்து பறக்குறதுன்னு. லிட்டில்டன்னு ஒரு பெரிய ஆளு விப்பிளுக்கு அப்புறமும் அதையே சொல்லிட்டு இருந்தாரு. அப்ப விப்பிள்தான் எதிர்க்கட்சி. அவரு ஏன் பனிக்கட்டிக்குப் போனாருன்னா, என்கேன்னு ஒரு வால்வெள்ளி மூணேகால் வருஷத்துக்கு ஒருக்கா சுத்தி வரும், ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்ட நேரத்துக்கு ரெண்டரை மணி நேரம் முந்தியே வந்து நிக்கும். யாரோ பின்னாலேர்ந்து தள்ளுற மாதிரி. வெயில் பட்ட பக்கம் பனி ஆவியாகி பீச்சி அடிச்சா ராக்கெட் மாதிரி தள்ளும்ல, அந்தக் கணக்கு பொருந்துச்சு. மணல் குவியல் எப்படிங்க தன்னத்தானே தள்ளிக்கும்?

இரும்பு விஷயம்: அழுக்குப் பனிப்பந்துல "அழுக்கு"ன்னு ஒரு வார்த்தை இருக்கே, அது சும்மா அலங்காரத்துக்கா? தூசியும் கல்பொடியும் அதுக்குள்ளயே இருக்கு. சூரியன உரசிட்டுப் போனா அதுவும் ஆவியாகும். இன்னைக்கு அந்தப் பேரையே பலபேரு திருப்பிப் போட்டு பனி கலந்த அழுக்குருண்டைன்னு சொல்றாங்க, ஏன்னா ரொசெட்டாங்குற ஐரோப்பிய விண்கலம் போயி அளந்தப்ப 67பிலேர்ந்து வர்ற தூசி வாயுவவிட எடைல கூடுதலா இருந்துச்சு. ஆக உங்க வீடியோக்காரங்க பாதி சரிதான், கல் சாமான் நிறையவே இருக்கு. பாறை மட்டும்தாங்குறதுலதான் வம்பு.

வைல்ட் 2 தூசிக்கு நீங்க சொன்னதுதான் எனக்குப் பிடிச்ச இடம். அது நெசமாவே எல்லாரையும் உலுக்குன விஷயம். வால்வெள்ளி சூரிய மண்டலத்தோட ஓரத்துல, குளுருல உருவானதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, அதுக்குள்ள ஆயிரம் டிகிரிக்கு மேல வெந்த கனிமம் வந்து நிக்குது. ஆனா அதுக்குக் கெடச்ச விடை மின்சாரம் இல்ல. சூரியன் பிறந்த காலத்துல பக்கத்துல வெந்த பொடி எல்லாம் ஓரம் வரைக்கும் வீசி அடிக்கப்பட்டு அங்க இருந்த பனியோட கலந்துருக்குன்னு. அதாவது கொழம்பக் கிண்டுன மாதிரி மொத்த மண்டலமும் கலந்துருக்கு. இத யாரும் எதிர்பாக்கல, ஆனா தூசிய மைக்ராஸ்கோப்ல பாத்ததும் ஒத்துக்கிட்டாங்க.

மீதிய சாயந்தரம் எழுதுறேன், அடுப்புல பணியாரம்.

வளவுவீட்டுப் பேரன் | 7:02

வெள்ளைப் பணியாரமா டீச்சர்? இங்க கெடைக்கவே மாட்டேங்குது 😭

ஒன்னு கேக்கணும், வானியல் விஞ்ஞானிங்க ஹாயிலும் நம்ம பக்கத்து நாட்டு சந்திரா விக்கிரமசிங்கவும் சொன்னது? வால்வெள்ளில உயிர் இருக்கு, நோய்க்கிருமியே அங்கேர்ந்துதான் விழுதுன்னு. 67பில கிளைசின், அந்த அமினோ அமிலம், கண்டுபுடிச்சாங்களே 2016ல. அப்புறம் 2001ல கேரளால செவப்பு மழை பெஞ்சுச்சே, அதுவும் வானத்துலேர்ந்து விழுந்த உயிர்னு சொன்னாங்களே

தேவகோட்டை டீச்சர் | 7:10

செவப்பு மழைல இருந்தது அந்த ஊரு மரத்துலயும் பாறைலயும் படர்ற பாசியோட வித்து. டிரெண்டிபோலியா. சோதிச்சுப் பாத்துச் சொல்லியாச்சு. கிளைசின் இருக்குறது நெசம், பாஸ்பரஸும் இருக்கு. செங்கல் கெடச்சுச்சு, அதுக்காக வீடே அங்க இருக்குன்னு சொல்லிட முடியுமா. விக்கிரமசிங்க விஷயத்துக்குத் தனி இழை போடுங்க, இங்க மின்சாரமே ஓடி முடியல.

நிக்கல் முலாம் | பகல் 11:25

நான் காரைக்குடில முப்பது வருஷமா முலாம் பட்டறை வச்சுருக்கேன். குத்துவிளக்கு, பைக் சாமான், பழைய கார் பம்பர் எல்லாம் நிக்கல் குரோம் போட்டுத் தருவோம். சிக்ரி, அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்குற ஊர்ல இருந்துக்கிட்டு மின்சாரத்தப் பத்தி ஆளாளுக்கு அடிச்சு விடுறதப் பாத்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. வானம் எனக்குத் தெரியாது, ஆம்பியர் தெரியும்.

தொட்டில ஒரு கிராம் நிக்கல் படியணும்னா எவ்வளவு கரண்ட் எவ்வளவு நேரம் ஓடணும்னு கணக்கு இருக்கு, பாரடே போட்ட கணக்கு, அதுல பேரம் கிடையாது. அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்னு வச்சாலே ஒரு மோலுக்கு 96,485 கூலும், அதாவது ஒரு ஆம்பியர் அத்தனை நொடி ஓடணும். இப்ப உங்க 67பி கணக்க நேத்து என் மகன்ட்ட தேடச் சொன்னேன். 2015 ஆகஸ்ட்ல சூரியனுக்குக் கிட்ட வந்தப்ப நொடிக்கு 300 கிலோ வரைக்கும் நீராவி விட்டுருக்கு. இது மின்சாரத்தால பிச்சுக்கிட்டு வர்றதுன்னா, மூலக்கூறுக்கு ஒரே ஒரு எலக்ட்ரான்னு ரொம்பத் தாராளமா வச்சாக்கூட 160 கோடி ஆம்பியர் வருது. என் பட்டறைல பெரிய ரெக்டிபையர் 1000 ஆம்பியர். அதுக்கே கரண்ட் போற பட்டை, பஸ்பார், சுடும்.

சரி வானத்துல 160 கோடி ஆம்பியர் ஓடுதுன்னே வைங்க. கரண்ட் ஓடுனா சுத்தி காந்தம் வரும், இது எட்டாம் வகுப்புப் பாடம். அவ்வளவு கரண்ட்டுக்கு 300 கிலோமீட்டர் தள்ளி நின்னாக்கூட பூமியோட காந்தப்புலத்தப் போல இருபது மடங்குக்கு மேல காட்டணும். ரொசெட்டால காந்தமானி இருந்துச்சு, ரெண்டு வருஷம் கூடவே சுத்துச்சு. அது காட்டுனது பூமில இருக்குறதுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல. முடிஞ்சுது.

இன்னொன்னு, சர்க்யூட் முடியணும் தம்பி. அனோட் கேத்தோட் ரெண்டும் வேணும், ஒயர் திரும்பி வரணும். அந்த வீடியோல திரும்பி வர்ற ஒயர் எங்கன்னு காட்டுனானா?

கோட்டையூரான் | 11:58

ஐயா மொதல்ல வணக்கம். இவ்வளவு எதிர்பாக்கல.

ஆனா அவங்க சொல்ற வழி வேற. பாறைல ஆக்ஸிஜன் இருக்கு (மணல், கல் எல்லாத்துலயும் ஆக்ஸிஜன் இருக்குல்ல), சூரியக் காத்துல (சூரியன்லேர்ந்து வீசுற துகள்) ஹைட்ரஜன் வருது, ரெண்டும் சேந்து அங்கயே தண்ணி உண்டாகுது, அத நாசா பனிக்கட்டிலேர்ந்து வந்ததுன்னு தப்பா நெனச்சுக்குதுன்னு. இதுக்கு அவ்வளவு கரண்ட் வேணாமே?

தேவகோட்டை டீச்சர் | மாலை 5:14

வந்துட்டேன். இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன், இத கணக்குப் போட்டே பாத்துரலாம், பிளஸ் டூ பிள்ளைக்கும் வரும்.

பூமி இருக்குற தூரத்துல சூரியக் காத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு அஞ்சு புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் கரு, மாதிரி இருக்கும், நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகம். அப்ப ஒரு சதுர சென்டிமீட்டர்ல நொடிக்கு 20 கோடி விழும். கேக்க பெருசா இருக்கா? 67பி அகலம் நாலு கிலோமீட்டர், நாலுக்கு நாலுன்னு வச்சு மேல விழுற புரோட்டான் எல்லாத்தையும் ஒன்னு விடாம தண்ணியா மாத்துனா எவ்வளவு தேறும் சொல்லுங்க. நொடிக்கு அரை மில்லிகிராம். வர்றது 300 கிலோ. ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துல வலை விரிச்சுப் புடிச்சாக்கூட 30 கிராம், ரெண்டு ஸ்பூன் தண்ணி.

வேற ஒரு சாட்சியும் இருக்கு. தண்ணில கனமான ஹைட்ரஜன் கொஞ்சம் இருக்கும், டியூட்டிரியம். சூரியன் தன்கிட்ட இருந்த டியூட்டிரியத்த எல்லாம் சின்ன வயசுலயே எரிச்சுத் தீத்துருச்சு, அதனால சூரியக் காத்துல அது இல்லன்னே சொல்லலாம். 67பி தண்ணில கடல் தண்ணியப் போல மூணு மடங்கு இருக்குன்னு 2014ல சொன்னாங்க. 2024ல மறுபடி ஆராய்ஞ்சவங்க தூசியால அது கூடுதலா தெரிஞ்சுருக்கு, கடல் அளவுக்குப் பக்கத்துலதான்னு சொல்றாங்க. எதுவா வேணா இருக்கட்டும், சூரியக் காத்துல செஞ்ச தண்ணியா இருந்தா அது இருக்கவே கூடாது.

கோட்டையூரான் | 5:40

ஒரு நிமிஷம் டீச்சர். மின்னாற்பகுப்பு பண்ணா கன நீர் சேரும்ல? கன நீர எடுக்குறதுக்கே அந்த வழி உண்டுன்னு படிச்சுருக்கேன். அப்ப மின்சாரத்தால டியூட்டிரியம் கூடியிருக்கலாம்ல!!

நிக்கல் முலாம் | 5:52

கெட்டிக்காரப் புள்ளதான் நீ. ஆமா சேரும். லேசான தண்ணி மொதல்ல பிரிஞ்சு போயிரும், கனமானது தொட்டில தங்கும். ஆனா அதுக்கு மொதல்ல தொட்டில தண்ணி ஊத்தணும்ல?

வளவுவீட்டுப் பேரன் | 5:54

🔥🔥🔥

புதுவயல் உமி | 6:30

எல்லாரும் பெரிய பெரிய கணக்கு போடுறீங்க. எனக்கு ஒன்னே ஒன்னுதான் புரியல, மேல சூடா காஞ்சு கெடந்தா உள்ள ஐஸ் இருக்கக்கூடாதுன்னு யாரு சொன்னா? எங்க மில்லுலேர்ந்து மீன் ஏவாரிங்க, முன்னாடி ஐஸ் வண்டிக்காரங்க எல்லாம் உமி வாங்கிட்டுப் போவாங்க. ஐஸ் பாளம் மேல உமியக் கொட்டி சாக்கப் போட்டு மூடிட்டா மத்தியான வெயில்ல வண்டில கெடக்கும், மேல கை வச்சா சுடும், தோண்டுனா உள்ள ஐஸ் அப்படியே இருக்கும். பாக்குறவனுக்கு அது உமி மூட்டைதான்.

தேவகோட்டை டீச்சர் | 6:37

நான் நாலு பத்தில எழுத நெனச்சத ஒரே மூட்டைல முடிச்சுட்டீங்க. அதேதான். டெம்பெல் 1லயும் மேல அங்கங்க கொஞ்சூண்டு ஐஸ் திட்டு மட்டும்தான் தெரிஞ்சுச்சு, மிச்சமெல்லாம் கரும்பொடி.

கோட்டையூரான் | 7:15

ஒப்புக்கு ஒத்துக்க மாட்டேன், உமில வேல செய்யுதுன்னா அங்கயும் அப்படித்தான்னு ஆயிருமா. எக்ஸ்ரேக்கும் டெம்பெல் வெளிச்சத்துக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லல.

தேவகோட்டை டீச்சர் | 7:48

எக்ஸ்ரே 1996ல எல்லாரையும் திகைக்க வச்சது உண்மை, யாரும் எதிர்பாக்கல. மறு வருஷமே விளக்கம் வந்துருச்சு. சூரியக் காத்துல எலக்ட்ரான் நிறைய இழந்த ஆக்ஸிஜன், கார்பன் அயனி எல்லாம் வருது. வால்வெள்ளியச் சுத்தி இருக்குற வாயுலேர்ந்து அது ஒரு எலக்ட்ரானப் புடுங்கிக்கும், புடுங்குனது கீழ எறங்குறப்ப எக்ஸ்ரே விடும். வாயு நிறைய இருந்தாத்தான் இது நடக்கும், அதனால இது பனிக்கட்டிக்குத்தான் சாட்சி சொல்லுது. இதுல மின்சாரம் இல்லாம இல்ல, வாயு வாலே அயனி வால்தான், அந்த வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீட்டிட்டு நிக்குறதப் பாத்துத்தான் 1951ல பியர்மான் சூரியக் காத்துன்னு ஒன்னு இருக்கணும்னே ஊகிச்சாரு. மின்சாரம்ங்குற வார்த்தைய விஞ்ஞானிங்க ஒளிச்சு வைக்கல.

டெம்பெல் 1: 370 கிலோ, நொடிக்கு பத்து கிலோமீட்டருக்கு மேல வேகம். மோதுற ஆற்றலுக்கு அரை எம்வி ஸ்கொயர் போட்டா நாலரை டன் வெடிமருந்துக்கு மேல வருது. அதுல பளிச்சுன்னு அடிக்கலன்னாத்தான் ஆச்சரியம். பொடி எதிர்பாத்ததவிட நைசா, நிறைய கெளம்புச்சு, பள்ளமே தெரியாத அளவுக்கு மறைச்சுருச்சு, 2011ல இன்னொரு கலம் போயித்தான் பள்ளத்தப் பாத்துச்சு. முகப்பவுடர் டப்பால கல்ல எறிஞ்ச மாதிரி. கருங்கல்லுல அப்படிப் பொடி பறக்குமா?

எல்லாத்துக்கும் மேல எடை. ரொசெட்டா சுத்துன பாதையே 67பியோட எடையச் சொல்லிருச்சு, படம் எடுத்து கன அளவு தெரிஞ்சுச்சு. அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.53 கிராம். நம்ம ஊரணில போட்டா மிதக்கும். கருங்கல் 2.6 மாதிரி வரும், நம்ம செம்பூறாங்கல்லு அவ்வளவு ஓட்டையா இருந்தும் முங்கிரும்.

கோட்டையூரான் | 8:05

அடர்த்திக்கு அவங்க பதில் வச்சுருக்காங்க, ஈர்ப்பு விசையே மின்சாரத்தால மாறிக் காட்டும், அதனால நாசா போட்ட எடை தப்புன்னு

நிக்கல் முலாம் | 8:11

அப்ப தராசே தப்புன்னு சொல்லிட்டான். கடைல தராசு தப்புன்னு சொன்னா சரியான தராசக் கொண்டா, எடை எவ்வளவுன்னு நீ சொல்லுன்னு கேப்போம். அவன் ஒரு நம்பர் சொல்லியிருக்கானா தம்பி? ஒன்னேமுக்கால் மணி நேரத்துல?

கோட்டையூரான் | 8:40

...இல்லங்கய்யா. திரும்ப ஓட்டிப் பாத்தேன். நம்பரே இல்ல.

மட்டுறுத்துநர் | 9:00

வேற்றுகிரகக் கப்பல் பத்தி வந்த ஆறு பதிவு நீக்கப்பட்டது. 3ஐ அட்லஸ்ல கரியமில வாயு தண்ணியவிட பல மடங்குன்னு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பாத்த விஷயத்தப் பேசுறவங்க தாராளமா பேசலாம், ஓட்டுநர் யாருன்னு கேக்குறவங்க வேற இழைக்குப் போகவும்.

புதுவயல் உமி | அடுத்த ஞாயிறு, இரவு 8:20

சொன்னா நம்ப மாட்டேங்குறாங்கன்னு நேத்து செஞ்சே பாத்துட்டேன். கோட்டையூரான் வீட்டு முற்றத்துலதான், அவரும் கூட இருந்தாரு. அஞ்சு கிலோ ஐஸ் ரெண்டு துண்டு. ஒன்ன சும்மா தட்டுல வச்சோம், இன்னொன்னு மேல உமியும் உமிக்கரியும் கலந்து நாலு விரக்கடை கனத்துக்குக் கொட்டுனோம். காலை பத்து மணிக்கு ஆரம்பம், மாசி வெயில்.

சும்மா வச்சது மத்தியானம் ரெண்டரைக்கு சுத்தமா இல்ல. கரி போட்டது மேல கை வைக்க முடியல, அவ்வளவு சூடு, கன்னங்கரேல்னு கெடந்துச்சு. ஆறு மணிக்குத் தோண்டுனோம், பாதிக்கு மேல ஐஸ் இருந்துச்சு.

ஆனா நான் எழுத வந்தது அது இல்ல. நாலு மணி வாக்குல மேல இருந்த கரி தானா ரெண்டு மூணு எடத்துல தொபுக்குன்னு உள்ள எறங்கிருச்சு. அடில ஐஸ் கரைஞ்சு பொந்தாயிருக்கு, மேல இருந்தது நிக்க முடியாம விழுந்துருச்சு. வட்டமா, சுவர் செங்குத்தா. கோட்டையூரான் அதையே பாத்துட்டு நின்னாரு, ஒரு வார்த்த பேசல.

கோட்டையூரான் | 8:45

பேசல, ஏன்னா நான் மொதப் பதிவுல பொறி வச்சு செதுக்குனதுன்னு போட்ட 67பி பள்ளப் படத்த போன்ல வச்சுருந்தேன். பக்கத்துல வச்சுப் பாத்தேன். அப்புறம் தேடுனா 2015லயே அப்படித்தான் எழுதியிருக்காங்க, அடில பொந்து விழுந்து கூரை இடிஞ்சு உண்டான பள்ளம்னு, சிலது சில நூறு மீட்டர் அகலம் வரைக்கும். நம்ம பூட்டிக் கெடக்குற வீடுகள்ல கரையான் அரிச்ச உத்தரம் ஒருநாள் விழுற மாதிரி.

பாறை மட்டும்தான்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். மாமாட்ட இன்னும் சொல்லல, அவருக்கு அந்த 160 கோடி ஆம்பியர அனுப்பி வச்சுருக்கேன், ரெண்டு நீல டிக் விழுந்துருக்கு, பதில் இல்ல.

ஆனா டீச்சர், ஒன்னு விட மாட்டேன். 67பிலேர்ந்து வெறும் ஆக்ஸிஜனும் வந்துச்சாமே, தண்ணில கிட்டத்தட்ட 4 சதவீதம் அளவுக்கு? ஆக்ஸிஜன் சும்மா இருக்காதே, எதோடயாவது சேந்துருமே, 450 கோடி வருஷம் எப்படித் தனியா இருந்துச்சு?

தேவகோட்டை டீச்சர் | 9:02

இது சரியான கேள்வி. பனி உருவானப்பவே உள்ள மாட்டிக்கிட்டதுன்னு ஒரு கட்சி, மேற்பரப்புல பின்னாடி உண்டாகுறதுன்னு ஒரு கட்சி, இன்னும் அடிதடி ஓயல. நீங்க அந்த வீடியோவ விட்டுட்டு இதப் புடிங்க.

உமி அண்ணே, உங்க சோதனைல ஒரு குறை. அங்க ஐஸ் உருகாது, காத்தே இல்லாத எடம், நேரா ஆவியாயிரும். பொடி வழியா புட்டுக்குழல்ல வர்ற மாதிரி ஆவி வெளிய வரும். உலர் பனிக்கட்டி, அந்த கரியமில வாயு ஐஸ், அது கெடச்சா எங்க பிள்ளைங்க முன்னாடி இன்னொரு தடவை செய்யலாம், அது உருகாம ஆவியாகும்.

புதுவயல் உமி | 9:10

மதுரைல கேட்டுப் பாக்குறேன் டீச்சர். அதே முற்றத்துல வச்சுக்கலாமா?

கோட்டையூரான் | 9:12

எங்க வீட்டுல வேணாம். கரித்தண்ணி ஓடி ஆத்தங்குடிக் கல்லு இடுக்கெல்லாம் கருப்பாயிருச்சு, அப்பத்தா காலைலேர்ந்து தேங்காநார வச்சுத் தேய்ச்சுட்டு என்னைய ஒரு பார்வை பாக்குறாங்க.